ஸ்டீயரிங் கைக்கு வரும்வரை: போலந்துக்குப் போன ஒரு ட்ரெய்லர் டிரைவரின் நிகழ்வு ஆய்வு

வெளிநாட்டில் லாரி ஓட்டப் போகிறவர்களின் காகிதங்களைப் படித்துப் பார்த்து, எங்கே சிக்கல் இருக்கிறது என்று சொல்வதை நானும் ஒரு நண்பரும் சில வருடங்களாகச் செய்துவருகிறோம். அப்படி எங்களிடம் வந்த ஒருவரின் கதை இது. 2023 கடைசியில் தொடங்கி 2025 கடைசி வரை நடந்தது. அவர் சம்மதத்தோடு எழுதுகிறேன். அவருடைய பெயர், ஊர், கம்பெனிகளின் பெயர் எதுவும் இதில் இல்லை.

விசாவும் சம்பளமும்தான் பொதுவாக எல்லோரும் கேட்கிற கேள்விகள். இவர் விஷயத்தில் பணம் கரைந்ததெல்லாம் வேறு இடத்தில். நாட்டில் இருக்கலாம், வேலைக்கும் அனுமதி உண்டு, ஆனால் வண்டியைத் தொட முடியாது என்ற இடைவெளிகளில்தான் கரைந்தது. அப்படிப்பட்ட இடைவெளி ஒன்றல்ல, மூன்று வந்தன.

பின்னணி

வயது நாற்பதை நெருங்குகிறது. பதினைந்து வருடம் ஹெவி வண்டி ஓட்டியவர். கடைசி ஆறு வருடம் வளைகுடாவில் நாற்பது அடி ட்ரெய்லர். சாலையின் வலப்பக்கம் ஓட்டுவது, குறுகலான யார்டில் ட்ரெய்லரை ரிவர்ஸ் எடுப்பது, துறைமுகத்தில் வரிசையில் காத்துக் கிடப்பது எல்லாம் பழகியவை. யார்டில் பேசுகிற அளவுக்கு ஆங்கிலம் வரும். பனியில் ஓட்டியதில்லை. ஓட்டும் நேரத்தையும் ஓய்வையும் பதிவு செய்யும் ஐரோப்பிய டேக்கோகிராஃப் கருவியைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

வளைகுடா ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பியபோது, ஐரோப்பாவில் டிரைவர்களுக்குப் பஞ்சம் என்று எல்லாப் பக்கமும் பேச்சு. அது பொய்யும் இல்லை. அங்கே வயதான டிரைவர்கள் ஓய்வு பெறுகிறார்கள், இளைஞர்கள் வாரக்கணக்கில் வீட்டைவிட்டுப் போகும் வேலைக்கு வர மறுக்கிறார்கள். பற்றாக்குறை உண்மையாக இருப்பதுதான் மோசடிக்காரருக்கு வசதி. அவர் சொல்வதில் பாதி சரியாக இருக்கும்.

முதல் ஆஃபர்

ஏஜென்ட் போனில்தான் பேசினார். நேரில் வரவே இல்லை. "அண்ணே, ஹெவி லைசென்ஸ் இருந்தா போதும். போலந்துல இறங்கின மறுநாளே வண்டி. மாசம் 2,800 யூரோ." மொத்தக் கட்டணம் 5,500 யூரோ, பாதியை முதலில் கட்ட வேண்டும். ஃபைல் திறக்க என்று ஒரு சிறு தொகையை எங்களிடம் வருவதற்கு முன்பே கொடுத்துவிட்டிருந்தார். அது திரும்பி வரவில்லை.

கையில் இரண்டு காகிதம்: ஒரு ஆஃபர் லெட்டர், ஒரு வேலை அனுமதியின் ஸ்கேன் நகல். அனுமதியில் போலந்துக் கம்பெனியின் பெயரும் பதிவு எண்களும் இருந்தன. போலந்தில் கம்பெனிகளின் நீதிமன்றப் பதிவேடு இணையத்தில் எல்லோரும் பார்க்கும்படி திறந்தே இருக்கிறது, கட்டணம் கிடையாது. எண்ணைப் போட்டதும் கம்பெனி வந்தது. சரி, போலிப் பெயர் இல்லை. ஆனால் பதிவாகி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. மூலதனம் 5,000 ஸ்வாட்டி (போலந்து நாணயம்). அங்கே ஒரு லிமிடெட் கம்பெனி தொடங்கச் சட்டம் கேட்கும் குறைந்தபட்சத் தொகையே அதுதான். தொழில் என்ற இடத்தில் முதலில் இருந்தது மொத்த வியாபாரம்.

அதற்கடுத்து நாங்கள் பார்த்த இடம்தான் முடிவைத் தீர்மானித்தது. சாலைப் போக்குவரத்து நிறுவனங்களுக்கென்று போலந்தில் தனி மின்னணுப் பதிவேடு இருக்கிறது. சாலைப் போக்குவரத்து ஆய்வகம் அதை நடத்துகிறது, யாரும் தேடிப் பார்க்கலாம். லைசென்ஸ் உள்ள கம்பெனி என்றால் அதில் இருக்கும், எத்தனை வண்டி என்பதும் தெரியும். இந்தக் கம்பெனி அதில் இல்லவே இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் வாடகைக்குக் கனரக லாரி ஓட்டும் நிறுவனம் முதல் வண்டிக்கு 9,000 யூரோவும், அடுத்து வரும் ஒவ்வொரு கனரக வண்டிக்கும் 5,000 யூரோவும் நிதி வலு இருப்பதாகக் காட்ட வேண்டும். காட்டினால்தான் லைசென்ஸ். லாரியே ஓட்ட முடியாத கம்பெனி லாரி டிரைவருக்கு ஆஃபர் கொடுத்திருக்கிறது.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. போலந்தில் அந்த வகை வேலை அனுமதிக்கு விண்ணப்பிப்பது முதலாளி. மூன்று மாதத்துக்கு மேற்பட்ட அனுமதிக்கு அப்போது அரசுக் கட்டணம் 100 ஸ்வாட்டி, முப்பது யூரோவுக்கும் குறைவு. ஏஜென்ட்டின் பட்டியலில் 'பெர்மிட் செலவு' என்று போட்டிருந்ததோ 2,000 யூரோ.

முடிவும் காரணமும்

அவருடைய மைத்துனர் விடவில்லை. "பெர்மிட் ஒரிஜினல்தானே, விசா வந்துடும், அங்க போய்ப் பாத்துக்கலாம்" என்றார். அதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்தது. பெர்மிட் உண்மையாக இருக்கலாம், விசாவும் கிடைத்திருக்கலாம். இந்த வகை ஏமாற்றில் காகிதம் உண்மை, வேலைதான் பொய். ஆனால் போலந்தில் அந்த அனுமதி, விண்ணப்பித்த முதலாளியின் பெயரோடு கட்டப்பட்டது. போய் இறங்கி வேலை இல்லை என்று தெரிந்தபின் வேறு கம்பெனியில் சேர வேண்டுமென்றால், அந்தக் கம்பெனி புதிதாக அனுமதி எடுத்துத் தர வேண்டும். அது வரும்வரை சட்டப்படி வேலை செய்ய வழியில்லை, தலைக்கு மேல் 5,500 யூரோ கடன். அந்த நிலையில் இருப்பவர் எந்த வேலைக்கும் எந்தக் கூலிக்கும் சரி என்பார்.

'மறுநாளே வண்டி' என்ற பேச்சும் ஒன்று போதும். ஐரோப்பிய ஒன்றியத்தில் சம்பளத்துக்கு லாரியோ பஸ்ஸோ ஓட்டுபவருக்கு லைசென்ஸோடு தொழில்தகுதியும் வேண்டும். கோட் 95 என்பார்கள். முதல் தகுதிக்கு 280 மணி நேரப் பயிற்சி, சுருக்க முறையில் 140 மணி நேரம், அப்புறம் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை 35 மணி நேரம். அதை முடிக்காமல் மறுநாளே ஸ்டீயரிங்கில் உட்கார வைக்கிறேன் என்பவருக்கு ஒன்று தொழில் தெரியாது, அல்லது டிரைவரின் தலையைப் பற்றிக் கவலை இல்லை.

2024 தொடக்கத்தில் அந்த ஆஃபரை விட்டார்.

இரண்டாவது வழி

வளைகுடாவில் கூட ஓட்டிய ஒருவர் இரண்டு வருடமாகப் போலந்தில் இருந்தார். அவர் வேலை செய்யும் கம்பெனியின் அலுவலகத்துக்கு நேரடியாக மெயில் போட்டோம். போக்குவரத்துப் பதிவேட்டில் அந்தக் கம்பெனி இருந்தது, இருநூறு வண்டிக்கு மேல். வீடியோவில் பேசிய பெண்மணி ஆங்கிலத்தில் கேட்ட கேள்விகள் எனக்குப் பிடித்திருந்தன. ரெஃப்ரிஜரேட்டட் ட்ரெய்லர் ஓட்டியிருக்கிறீர்களா? லோடை பெல்ட் போட்டுக் கட்டத் தெரியுமா? இரண்டு வருடத்தில் விபத்து உண்டா? சம்பளத்தைப் பற்றி அவர் பேசியது கடைசியில்தான். சேர்ப்புக் கட்டணம் எதுவும் கேட்கவில்லை. விசாக் கட்டணம், டிக்கெட், மொழிபெயர்ப்பு ஆகியவை மட்டும் டிரைவர் செலவு. வேலை தேடுபவரிடம் நேரடியாகவோ மறைமுகமாகவோ கட்டணம் வாங்கக் கூடாது என்பது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1997 உடன்படிக்கையிலேயே இருக்கிறது. நடைமுறையில் எத்தனை பேர் மதிக்கிறார்கள் என்பது வேறு கதை.

காகிதங்கள் தயாரானபோது, போலந்தில் இருந்த அந்த வளைகுடா நண்பர் ஒன்றை வற்புறுத்திச் சொன்னார்: ஊரைவிட்டுக் கிளம்பும் முன், லைசென்ஸ் கொடுத்த அலுவலகத்திலிருந்து அது உண்மையானது, எந்தெந்த வகை வண்டிக்கு, எந்தத் தேதியிலிருந்து செல்லும் என்று முத்திரை போட்ட கடிதம் வாங்கிக்கொண்டு வா. அதற்காகச் சில வாரம் அலைந்தார். அந்தக் கடிதத்தின் அருமை ஆறு மாதம் கழித்துத் தெரிந்தது.

ஒப்பந்தத்தில் பேசியவை

ஒப்பந்தம் போலிஷிலும் ஆங்கிலத்திலும் வந்தது. நாங்கள் அதிக நேரம் செலவழித்தது இதில்தான்.

முதலில் வந்தது தொழிலாளர் ஒப்பந்தமே அல்ல. போலந்தில் 'பணி ஒப்படைப்பு' என்று ஒரு சிவில் ஒப்பந்தம் இருக்கிறது, டிரைவர்களை அதில் எடுப்பது அங்கே சகஜம். அதில் சம்பளத்தோடு கூடிய விடுப்புக்கு உத்தரவாதம் கிடையாது. நோய்க்கான காப்பீடும் தானாக வராது, நாமே கேட்டுச் சேர வேண்டும். தொழிலாளர் சட்டப்படியான ஒப்பந்தம்தான் வேண்டும் என்று திருப்பி எழுதினோம். ஒரு வாரம் பதில் இல்லை. வேலை கைநழுவிவிட்டது என்றே அவர் நினைத்தார். அப்புறம் சம்மதித்து அனுப்பினார்கள். ஆனால் நாளுக்கு 80 யூரோ என்று சொல்லியிருந்தது 75 ஆகக் குறைந்திருந்தது. ஐந்து யூரோவை விட்டுக்கொடுத்தது சரியான பேரம் என்பது என் கருத்து. காரணம் பின்னால் வருகிறது.

இந்த 75 யூரோவை நம் ஆட்கள் பேட்டா என்று நினைத்துவிடுகிறார்கள். சம்பளம் தனி, பேட்டா தனி என்ற கணக்கு அங்கே இல்லை. அடிப்படைச் சம்பளமும் அதற்குள்ளேயே அடக்கம். அடிப்படை என்று காகிதத்தில் இருந்தது அந்நாட்டுக் குறைந்தபட்சக் கூலி, 2024 முதல் பாதியில் மாதம் 4,242 ஸ்வாட்டி. பிடித்தம் போக ஏறத்தாழ 3,200 ஸ்வாட்டி கைக்கு வரும். சாலையில் இருக்கும் நாட்களுக்குத்தான் 75 யூரோ. ஓடாத நாளில் அடிப்படை மட்டும். ஓடுகிற மாதம் 1,800 யூரோ என்றால், ஓடாத மாதம் 750 பக்கம். இந்த வித்தியாசத்தை ஒரு தாளில் எழுதி, அவர் மனைவியும் சேர்ந்து பார்க்கும்படி வைத்தோம். ஏஜென்ட் சொன்ன 2,800 அப்போதுதான் அந்த வீட்டை விட்டு முழுதாகப் போனது.

பயிற்சிச் செலவை முதலில் கம்பெனி போடும், இரண்டு வருடத்துக்குள் விலகினால் முழுத் தொகையையும் கட்ட வேண்டும் என்று ஒரு பிரிவு. போலந்துத் தொழிலாளர் சட்டப்படி இப்படிக் கட்டிவைப்பது மூன்று வருடத்துக்கு மேல் போகக் கூடாது. விலகினாலும் வேலை செய்த காலத்துக்கு ஏற்பக் கழித்து மீதியைத்தான் கேட்கலாம். அதைச் சுட்டிக்காட்டியதும் விகிதப்படி என்று திருத்தினார்கள். வண்டிச் சேதத்துக்கு 'முழுப் பொறுப்பு' என்றிருந்ததையும் எடுக்கச் சொன்னோம். வேண்டுமென்றே செய்யாத சேதத்துக்குப் பொதுவாக மூன்று மாதச் சம்பளம்தான் உச்சவரம்பு. எழுத்தில் சம்மதம் இல்லாமல் சம்பளத்தில் பிடிக்கவும் முடியாது.

பிடித்தம் பற்றி இவ்வளவு வாதாடியதற்குக் காரணம் இருந்தது. 2023-ல் ஜெர்மனியின் ஏ5 நெடுஞ்சாலையில், கிராஃபென்ஹாவுசன் ஓய்விடத்தில், போலந்து வண்டிகளை ஓட்டிய உஸ்பெகிஸ்தான், ஜார்ஜியா போன்ற நாட்டு டிரைவர்கள் சம்பள பாக்கிக்காக வாரக்கணக்கில் லாரிகளை நிறுத்திப் போராடினார்கள். ஒரே வருடத்தில் இரண்டு முறை. இரண்டாவது முறை சிலர் உண்ணாவிரதமும் இருந்தார்கள். எங்கள் ஆள் அந்த வீடியோக்களைப் பார்த்துவிட்டுத்தான் எங்களிடமே வந்தார்.

ஒன்று மட்டும் முடியவில்லை. ஒப்பந்தம் அவர் இறங்கிய நாளிலிருந்து தொடங்க வேண்டும் என்று கேட்டோம். பயிற்சி வகுப்பு தொடங்கும் நாளிலிருந்துதான் என்று அவர்கள் நின்றுவிட்டார்கள். ஏற்றுக்கொண்டோம்.

இறங்கிய பின்: முதல் இடைவெளி

2024 ஏப்ரலில் ஒரு வருட தேசிய விசாவில் போய்ச் சேர்ந்தார். வகுப்பில் இடம் கிடைக்க மூன்று வாரம் ஆனது. அதுவரை சம்பளம் இல்லை. கம்பெனி விடுதியில் ஒரு அறைக்கு நாலு பேர், வாடகை மட்டும் இல்லை.

அப்புறம் வரிசையாக மருத்துவப் பரிசோதனை, உளவியல் பரிசோதனை, 140 மணி நேர வகுப்பு, தேர்வு, தகுதி அட்டை, டேக்கோகிராஃப் கார்டு, டிரைவர் சான்று. உளவியல் பரிசோதனை அவருக்குப் புதுசு. இருட்டறையில் கண் எவ்வளவு சீக்கிரம் பழகுகிறது என்று பார்த்தார்கள். விளக்கு எரிந்ததும் கால் எத்தனை வேகத்தில் பெடலுக்குப் போகிறது என்று அளந்தார்கள். அதில் சுலபமாகத் தேறினார். வகுப்புதான் கஷ்டம். பாதி நாள் போலிஷில், பாதி ரஷ்யனில் நடந்தது. கேள்விகளைப் படம் எடுத்து, இரவில் போனில் மொழிபெயர்த்து, நோட்டில் தமிழில் எழுதிப் படித்தார். மொழிபெயர்ப்பாளர் துணையோடு எழுதிய முதல் தேர்வில் தவறி, அடுத்ததில் தேறினார்.

பட்டியலின் கடைசியில் இருக்கும் டிரைவர் சான்று பலருக்கும் புரியாத ஒன்று. ஒன்றியத்துக்கு வெளியே உள்ள நாட்டவர் ஒருவர், ஒன்றியத்துக் கம்பெனியின் வண்டியை நாடு விட்டு நாடு ஓட்டினால் அது வண்டியில் இருந்தாக வேண்டும். கம்பெனி விண்ணப்பித்து வாங்குவது, கம்பெனிக்குச் சொந்தமானது. டிரைவர் விலகினால் சான்று திரும்பிப் போய்விடும். கையில் கோட் 95, டேக்கோ கார்டு எல்லாம் இருந்தாலும் அது இல்லாமல் எல்லை தாண்ட முடியாது.

ஊரிலிருந்து கிளம்பி முதல் ட்ரிப் போகும்வரை ஏறத்தாழ மூன்று மாதம். ஏஜென்ட்டுக்குக் கொடுப்பதாக இருந்த பணத்தில் ஒரு பகுதியை, செலவுக்கு என்று கையோடு கொண்டுபோகச் சொல்லியிருந்தோம். அதனால் ஊரில் வட்டிக்கு வாங்கும் நிலை வரவில்லை. அதே அறையில் இருந்த இன்னொருவர் கடன் வாங்கிக் கட்டணம் கட்டி வந்தவர். வகுப்பின் நடுவிலேயே ஒரு கிடங்கு வேலைக்குப் போய்விட்டார்.

சாலையில்

முதல் இரண்டு வாரம் ஒரு சீனியர் டிரைவரோடு ஜோடியாக ஜெர்மனி, நெதர்லாந்து ஓட்டினார். வண்டி ஓட்டுவதில் கற்றுக்கொள்ள அதிகமில்லை, கடிகாரம்தான் பாடம். நாளுக்கு 9 மணி நேரம் ஓட்டலாம், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10. நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிட இடைவேளை. இரண்டு வாரம் சேர்த்து 90 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. வளைகுடாவில் தூக்கம் வரும்வரை ஓட்டியவருக்கு, ஓய்விடம் தேடி ஐந்து மணிக்கே நிறுத்துவது முதலில் வேடிக்கையாக இருந்தது. இடம் கிடைக்காத இரவுகளில் வேடிக்கை போய்விட்டது.

டேக்கோவில் நாலு சின்னம்: ஸ்டீயரிங், குறுக்கே வைத்த இரண்டு சுத்தியல், கோடு போட்ட சதுரம், கட்டில். வண்டி நகர்ந்தால் ஸ்டீயரிங் தானே பதிவாகும். நின்றால் என்ன செய்கிறோம் என்பதை டிரைவர்தான் அமுக்க வேண்டும். சரக்கு இறக்குவது வேலை, சுத்தியல். டிஸ்பாட்சர் (அலுவலகத்திலிருந்து ட்ரிப் ஒதுக்குபவர்) ஒருவர் இறக்கும்போதும் கட்டிலில் போடச் சொன்னார். ஓய்வாகக் கணக்கானால் அன்றே இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டலாம் என்பது அவர் கணக்கு. ஒருமுறை செய்தார். அதே வாரம் ஜெர்மனியில் சோதனை அதிகாரி கார்டைச் செருகி 28 நாள் பதிவை இறக்கி, லோடு ரசீதில் இருந்த நேரத்தையும் கட்டில் சின்னத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். எச்சரிக்கையோடு விட்டது அதிர்ஷ்டம். அதன்பின் சுத்தியல்தான். இப்போது சோதனையில் 56 நாள் பதிவைக் கேட்கலாம், 2024 டிசம்பர் 31 முதல்.

அந்தக் குளிர்காலத்தில் ட்ரெய்லரிலிருந்து இறங்கும்போது படியில் உறைந்திருந்த பனியில் வழுக்கி மணிக்கட்டு பிசகியது. மூன்று வாரம் ஓட்டவில்லை. நோய்க்காலச் சம்பளம் வந்தது. 75 யூரோ கணக்கில் இல்லாமல் குறைவாகத்தான், ஆனால் வந்தது. முதலில் அனுப்பிய சிவில் ஒப்பந்தத்தில் காப்பீடு கேட்காமல் கையெழுத்துப் போட்டிருந்தால் அந்த மூன்று வாரப் பணம் இப்படித் தானாக வந்திருக்குமா என்பது சந்தேகம். ஐந்து யூரோ பேரம் பற்றி மேலே சொன்னது இதனால்தான்.

இரண்டாவது இடைவெளி: லைசென்ஸ்

இது குளிர்காலத்துக்கு முன்பே வந்தது. அங்கே வசிக்கத் தொடங்கிய நாளிலிருந்து ஆறு மாதம்தான் வெளிநாட்டு லைசென்ஸ் செல்லும். அதற்குள் போலந்து லைசென்ஸாக மாற்ற வேண்டும். மாற்றும் அலுவலகமோ, அங்கேயே வசிப்பவர் என்பதற்கு வருடத்தில் 185 நாள் இருப்பதற்கான ஆதாரம் கேட்டது. ஆறு மாதம் என்பதே ஏறக்குறைய 183 நாள்! இந்த விதிகளை எழுதியவர்கள் ஒரே மேசையில் உட்கார்ந்து எழுதியிருக்க மாட்டார்கள்.

பழைய லைசென்ஸ் உண்மையா என்று கொடுத்த நாட்டிடம் கேட்டுப் பதில் வாங்குவதில்தான் பலருக்கு மாதங்கள் போகின்றன. இவர் முத்திரைக் கடிதத்தைக் கையிலேயே கொண்டுவந்திருந்தார். அங்கே பதிவு பெற்ற மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்துச் சேர்த்ததும் வேலை வேகமாக நடந்தது. ஐந்து வாரத்தில் புது லைசென்ஸ் வந்தது. அந்த ஐந்து வாரமும் யார்டில் டயர் மாற்றுவது, ட்ரெய்லர் கழுவுவது, அடிப்படைச் சம்பளம்.

நடுவில் ஒரு நாள் ஆள் பற்றாக்குறை. "பக்கத்து ஊருக்கு ஒரு லோடுதான், யாரும் பார்க்க மாட்டார்கள்" என்றார் டிஸ்பாட்சர். மறுத்துப் பேசாமல், "சரி, இதையே மெசேஜில் அனுப்புங்கள்" என்றார் இவர். மெசேஜ் வரவில்லை. லோடு வேறு டிரைவரிடம் போனது.

மூன்றாவது இடைவெளி: விசா முடிந்தபோது

நாங்கள் யாரும் முன்கூட்டிப் பார்க்காதது இதுதான்.

ஒரு வருட விசா 2025 மார்ச் கடைசியில் முடிந்தது. தங்கும் அனுமதி அட்டைக்குக் கம்பெனி அலுவலகம் மார்ச் தொடக்கத்தில்தான் விண்ணப்பித்தது. விசா முடியும் முன் விண்ணப்பித்துவிட்டால், அட்டை வரும்வரை நாட்டில் இருப்பது சட்டபூர்வம். அதற்கு ஆதாரமாகப் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தினார்கள். வேலை அனுமதியும் செல்லுபடியாக இருந்ததால் வேலையும் செய்யலாம். அலுவலகப் பெண்மணி சொன்னது முழு உண்மை: "கவலைப்படாதீர்கள், எல்லாம் சட்டப்படிதான்."

ஆனால் அந்த முத்திரை போலந்துக்குள் மட்டும்தான் செல்லும். அதை வைத்துக்கொண்டு, தங்களுக்குள் எல்லைச் சோதனையைப் பொதுவாக நீக்கிக்கொண்ட ஐரோப்பிய நாடுகளான ஷெங்கன் பகுதியின் வேறு நாட்டுக்குள் நுழைய முடியாது. ஒரு கிடங்குத் தொழிலாளிக்கு இது பெரிய விஷயமில்லை. ஜெர்மனிக்கும் நெதர்லாந்துக்கும் ஓட்டுகிறவருக்கு வேலையே அங்கேதான்.

கம்பெனியில் உள்நாட்டு ட்ரிப் குறைவு. கிடைத்தவற்றுக்கு நாள் கூலி வெளிநாட்டு ட்ரிப்பில் பாதிதான். போலந்தில் இந்த அட்டைகள் மாதக்கணக்கில் தாமதமாவது எல்லோருக்கும் தெரிந்ததே. இவருடையது வர 2025 அக்டோபர் ஆனது. ஏறத்தாழ ஏழு மாதம் பாதிக்கும் சற்று மேலான வருமானத்தில் ஓடியது. 2025-ல் குறைந்தபட்சக் கூலி 4,666 ஸ்வாட்டி ஆனது கொஞ்சம் கைகொடுத்தது. அடிப்படைச் சம்பளம் ஒப்பந்தத்தில் இல்லாமலிருந்தால் டிரைவரைச் சும்மா உட்கார வைப்பதில் கம்பெனிக்கு நட்டமே இருந்திருக்காது, உட்கார வைத்திருப்பார்கள்.

அந்த மாதங்களில் சிலர் முத்திரையோடே எல்லை தாண்டி ஓட்டினார்கள். ஒருவர் ஜெர்மனியில் பிடிபட்டார். வண்டியை எடுக்க வேறு டிரைவர் போக வேண்டியிருந்தது. பிடிபட்டவர் ஊருக்கு அனுப்பப்பட்டார் என்று கேள்வி.

விளைவு

2025 நவம்பரிலிருந்து மறுபடி வெளிநாட்டு ட்ரிப். இப்போது கையில் போலந்து லைசென்ஸ், கோட் 95, டேக்கோ கார்டு, தங்கும் அட்டை எல்லாம் உண்டு. பத்தொன்பது மாதத்தில் நினைத்த தொகையில் பாதிக்குக் கொஞ்சம் மேல் சேர்த்திருக்கிறார். கடன் இல்லை. முதல் ஆஃபரை நம்பிப் போயிருந்தால் என்று ஒப்பிட்டு அவர் ஆறுதல்படுகிறார். எனக்கு அந்த ஒப்பீடு போதாது. நல்ல கம்பெனி, நியாயமான ஒப்பந்தம், ஏஜென்ட் இல்லை என்று எல்லாம் அமைந்தும் ஒரு வருடத்துக்கு அருகில் ஸ்டீயரிங்குக்கு வெளியிலோ அரைச் சம்பளத்திலோ போயிருக்கிறது.

மாற்றிச் செய்ய வேண்டியவை

தங்கும் அட்டைக்கு விசாவின் கடைசி மாதம்வரை காத்திருக்கத் தேவையே இல்லை. வேலையில் சேர்ந்ததும் விண்ணப்பித்திருந்தால், காத்திருக்கும் காலத்தின் பெரும்பகுதி விசா உயிரோடு இருக்கும்போதே கழிந்திருக்கும். விசா இருக்கும்வரை மற்ற ஷெங்கன் நாடுகளுக்குப் போக, 180 நாளில் 90 நாள் என்ற வரம்புக்குள், வழி உண்டு. இப்போது எங்களிடம் வருகிறவர்களுக்கு, தங்கும் அட்டைக்கு எந்த மாதம் விண்ணப்பிப்பீர்கள் என்று வீடியோ பேட்டியிலேயே கேட்கச் சொல்கிறோம். பதில் தெரியாத கம்பெனியும் உண்டு. அதுவும் ஒரு பதில்தான்.

உள்நாட்டு ட்ரிப் எத்தனை, அதற்கு என்ன கூலி என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குகிறோம். வண்டி ஓடாத காலத்துக்கான அடிப்படைச் சம்பளம் இல்லாத ஒப்பந்தத்தைப் பார்ப்பதே இல்லை. செலவுக்குக் கொண்டுபோகும் பணம் மூன்று மாதத்துக்கு என்றிருந்ததை ஆறு மாதம் ஆக்கிவிட்டோம். முடியாதவர் ஊரிலேயே இன்னும் கொஞ்சம் சேர்த்துவிட்டுப் போகட்டும்.

பஸ் ஓட்டத் தெரிந்தவர்களுக்கு வேறு கணக்கு. நகரப் பேருந்து வேலை நாட்டுக்குள்ளேயே முடிவதால் முத்திரைச் சிக்கலும் டிரைவர் சான்றும் அவர்களைத் தொடாது. ஆனால் பயணியோடு பேச வேண்டும், அந்த ஊர் மொழி இல்லாமல் பெரும்பாலும் எடுக்க மாட்டார்கள். மொழி படிக்கப் பொறுமை உள்ளவருக்கு அந்த வழி மேல் என்று நினைக்கிறேன்.

இவருக்குக் கம்பெனி மாறும் யோசனை இருக்கிறது. வேறொரு கம்பெனி நாளுக்கு 90 யூரோ சொல்கிறது. மாறினால் டிரைவர் சான்று பழைய கம்பெனியிடம் போய்விடும். தங்கும் அனுமதியும் முதலாளி பெயரோடு கட்டியது என்பதால் அதையும் மாற்ற வேண்டும். புதுச் சான்று வரும்வரை எத்தனை வாரம், அந்த வாரங்களுக்கு என்ன சம்பளம் என்று புதுக் கம்பெனியிடம் எழுத்தில் கேட்டிருக்கிறார். இதை எழுதும்வரை பதில் வரவில்லை. அதனால் பழைய வண்டியிலேயே இருக்கிறார்.